கத்தித் தொழிலாளர் ழான் ழாக் பெரேயின் சரித்திரம்

மேனாட்டுச் சரித்திர நூல்களைப் புரட்டுவோர் அரசர், சேனாபதியர், மந்திரிகள் ஆகியோருடைய பெயர்களையே பக்கந்தோறும் காண்பர். உலைக்களத்தின் முன்னும் சாணைக்கல்லின் முன்னும் வாணாளைக் கழித்தோரின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுதல் அரிது. அவ்வரிய சிலருள் ஒருவர் பிரான்ஸ் தேசத்துக் கத்தித் தொழிலாளராகிய ழான் ழாக் பெரே என்பவர். சவரக்கத்தியின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரை விட்டுச் செல்வதில்லை. ஆதலின் அன்னாருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைவாம்.

பெரே 1730-ம் வருஷம் தென் பிரான்ஸிலுள்ள பெஸியே என்னும் ஊரிற் பிறந்தார். பின்னர்ப் பாரிஸ் பட்டணம் சேர்ந்து, கத்தித் தொழிலாளர் சங்கத்தில் ஆசான் என்னும் பதவியை அடைந்தார். அக்காலத்து அத்தேசத்தில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஒவ்வொரு சங்கம் உண்டு. சங்கத்தின் அனுமதியின்றி ஒருவர் கடை திறத்தல் இயலாது. தொழிலின் மருமங்கள் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் செல்லுமேயன்றி, ஏட்டில் ஏறுவதில்லை. பெரே அச்சங்கத்தின் காவலர்களுள் ஒருவராகவும் இருந்தவர். சங்கத்தின் விதிகள் வழுவாது நடக்கின்றனவா என்று கண்காணித்தலே காவலரின் கடமை. இதனை நேயர்கள் நினைவிற் கொள்க. பின்னர் அவர் செய்த காரியத்தின் அருமை இதனாற்றான் விளங்கும்.

கத்தி செய்வோர்க்கு ஒரு சங்கம் இருந்தாற்போலவே சவரம் செய்வோர்க்கும் ஒரு சங்கம் இருந்தது. முன்னாளில் அத்தேசத்து நாவிதரே இரண சிகிச்சையும் செய்து வந்தனர். 1743-ம் வருஷத்து அரசாணையால் பாரிஸில் இரண வைத்தியர் வேறாகவும் நாவிதர் வேறாகவும் பிரிக்கப்பட்டனர். அதன்பின் பிறர் முகத்தை மழித்துக் கூலி பெறும் உரிமை, பொய்ம்மயிர் முடி செய்வோரும் நாவிதரும் சேர்ந்த சங்கத்திற்கே உரியதாயிற்று. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளுதலை எவ்விதியும் தடுக்கவில்லை. தடுத்தது அச்சமும் அறியாமையுமே. கத்தி ஒன்றை விலைகொடுத்து வாங்குதல் எளிது. வாங்கியவன் சில நாள் சுகமாக மழிப்பான். அதன்பின் கத்தி மயிரை வெட்டாது பிடுங்கத் தொடங்கும், தோல் எரியும், இரத்தம் கசியும். அவன் கத்தியைப் பெட்டியில் எறிந்துவிட்டு நாவிதரையே நாடுவான். குறை கத்தியினதன்று, அதனைத் தீட்ட அறியாமையினது என்பதைப் பெரே தம் கடையில் இருந்தே கண்டிருத்தல் கூடும்.

1769-ம் வருஷம் அவர் ஒரு சிறு நூலைப் பாரிஸில் வெளியிட்டார். அதற்குப் போகொனோடோமி என்பது பெயர். கிரேக்க பாஷையில் தாடியை அறுக்கும் வித்தை என்று இதற்குப் பொருள். தன்னைத்தானே மழித்துக்கொள்ளக் கற்பிப்பதே அந்நூலின் நோக்கம். எனினும் அதன் நீண்ட தலைப்பிலேயே, கருவிகளைத் தீட்டுதற்குரிய பலவகைக் கற்களை அறியும் வழியும், சவரக்கத்தி தீட்டும் தோல்வார்களைப் பக்குவம் செய்யும் முறையும் அடங்கியுள்ளன என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இரத்தம் வாங்கும் சிகிச்சையைப் பற்றிய ஒரு குறிப்பும் முடிவிற் சேர்ந்திருந்தது. அது அக்காலத்து வழக்கம். சவரம் கற்பிக்கும் நூலில் கல்லுக்கும் தோலுக்கும் அவர் இத்துணை இடம் அளித்தமையே அவர் தொழிலறிவுக்குச் சான்று. கத்தியை முகத்தில் வைக்கும் விதத்தை ஒரு வாரத்திற் கற்கலாம். கல்லில் வைக்கும் விதத்தைக் கற்க மாதங்கள் வேண்டும்.

இவ்வித்தையின் நெறியைச் சிறிது விரித்துரைப்பாம். சவரக்கத்தியின் முதுகு தடித்தும் நடுப்பாகம் குழிந்தும் வாய் மெலிந்தும் இருக்கும். அதனைக் கல்லில் தட்டையாகக் கிடத்தினால் முதுகும் வாயும் மட்டுமே கல்லிற் படும். ஏனைய கத்திகளுக்குச் சாய்வை நம் கையே காக்கவேண்டும்; சவரக்கத்திக்கு அதன் முதுகே காக்கும். முதுகின் தடிப்புக்கும் அலகின் அகலத்துக்கும் உள்ள பொருத்தத்தால் வாயின் இரு முகங்களும் ஏறக்குறைய 16, 17 பாகைக் கோணத்திற் கூடுகின்றன. புதிதாகக் கற்போர் முதுகைச் சிறிது தூக்கினால் விரைவிற் கூராகும் என்று எண்ணுவர். அஃது அக்கோணத்தையே கெடுத்துவிடும்.

கல்லின்மேல் வாய் முன்செல்லத் தள்ளுதல் வேண்டும். கல் அலகினும் குறுகியதாயின், அடி முதல் நுனி வரை எவ்விடமும் ஒத்துத் தேயுமாறு கத்தியைக் குறுக்காக இழுத்துக்கொண்டே தள்ளுவர். கல்லின் முடிவை அடைந்ததும் முதுகை அச்சாகக் கொண்டு புரட்டி மறுபக்கத்தைத் தீட்டுவர். வாயின் மேலாகப் புரட்டினால் அதுவரை செய்த வேலை ஒரு நொடியிற் பாழ். அழுத்தமோ, கத்தியின் பாரத்தினும் சிறிதே மிகுந்திருத்தல் போதும். வாய் முறிந்திருந்தாலன்றிச் சொரசொரப்பான கல்லைத் தொடலாகாது. கல்லின் முகம் குழிவிழுந்திருந்தால் முதலில் அதனைச் சமமாக்கிக்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்திற் கற்போர் பெரும்பாலும் இடறும் ஒரு விஷயம் உண்டு. கூர்மை வேறு, சுகம் வேறு. தலைமயிர் ஒன்றைப் பிடித்து அறுத்துக்காட்டும் கத்தி, கன்னத்தில் நெருப்பாய் எரிதல் உண்டு. மேன்மேலும் தேய்க்கத் தேய்க்க இரும்பு ஒரு மெல்லிய பிசிறாக நீண்டு வாயில் நிற்கும். அது விரலுக்குக் கூராகத் தோன்றி, மழிக்கும்போது முறிந்து, பல்வரிசைபோலக் கீறும். ஆதலின் எப்போது நிறுத்துவது என்பதை அறிதல், எவ்வாறு தீட்டுவது என்பதை அறிதலினும் கடினம். இறுதியில் அழுத்தமே இன்றிச் சில முறை ஓட்டிப் பிசிறை ஒழிப்பது கைவந்தோர் முறை. இதனை நூல் கூறலாம். கைக்குச் சொல்வது கல்லில் எழும் ஓசையும் விரலில் ஏறும் உணர்ச்சியுமே.

உருக்கினும் பன்மடங்கு மெல்லிய மயிர், உருக்கின் வாயைக் கெடுப்பதெங்ஙனம் என்று சிலர் வினவக்கூடும். 2020-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதனை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மயிர் வளையும்போது வாயின் ஓரத்தில், உருக்கின் உள்ளமைப்பு ஒருபடித்தாய் இல்லாத இடங்களில், நுண்ணிய துணுக்குகள் பெயர்கின்றன என்று கண்டனர். அன்றாடம் மழிப்போன் கத்தியைத் திரும்பத் திரும்பப் பேண வேண்டியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கற்களுள் ஐரோப்பியர் பெரிதும் போற்றியது ஆர்டென் மலைப்பகுதியில் வீல்ஸால்ம் ஊரின் சூழலில் அகப்படும் மஞ்சட்கல். அவ்விடம் பெரேயின் காலத்தில் ஆஸ்திரியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இப்போது பெல்ஜிய தேசத்தைச் சேர்ந்தது. மென்மையான அக்கல்லினுள் மிக நுண்ணிய கார்னெட் மணிகள் செறிந்துள்ளன. அவையே இரும்பை மெதுவாகத் தேய்த்து மிருதுவான வாயைத் தருகின்றன. மஞ்சட்படலம் மெல்லியதாதலின் நீலப் பலகைக்கல்லுடன் ஒட்டியே விற்பது வழக்கம்.

கல்லின் வேலை முடிந்தபின் தோலின் வேலை. தோல்வாரில் கத்தியை முதுகு முன்செல்ல இழுத்தல் வேண்டும்; இங்கே வாய் முன்சென்றால் தோல் அறுபடும், வாயும் மழுங்கும். வாரைத் தொய்யவிட்டால் அது கத்தியின் வாயை வளைத்து உருட்டிவிடும். நன்கு தீட்டிய கத்தி, ஒவ்வொரு சவரத்திற்கு முன்னும் தோலில் ஓட்டப்பெற்றால், பல வாரங்கள் கல்லை நாடாது. கற்போர் பலர் கல்லிற் காட்டும் ஊக்கத்தைத் தோலிற் காட்டுவதில்லை. சுகமான சவரத்தின் பாதி தோலிலேயே இருக்கின்றது என்பது எமது துணிபு.

அறியாத கைக்கு ஆபத்து நேராதிருக்கப் பெரே மற்றொரு யுக்தியும் செய்தார். தச்சரின் இழைப்புளியில் உளியின் வாய் சிறிதே வெளித்தோன்றுவதுபோல், கத்தியின் வாய் சிறிதளவே வெளியே நிற்குமாறு மரத்தால் ஓர் உறை அமைத்தார். ஆழமாக வெட்டுண்பதை அது தடுத்தது. அதற்கு இழைப்புளிக் கத்தி என்றே பெயர் வழங்கிற்று. அலகு என்னவோ பழைய அலகே. தீட்ட வேண்டிய கடமை அதனால் நீங்கவில்லை.

சங்கத்தின் காவலராயிருந்த ஒருவரே தொழில் மருமத்தை அச்சேற்றி யாவருக்கும் விற்றல் தகுமோ என்னும் வினா எழுவது இயல்பு. கற்றவன் நாவிதரிடம் செல்லான். நாவிதரோ கத்திக் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர். கற்றவன் கத்தியும் கல்லும் வாரும் வாங்குவான் என்பதும் மெய்யே. பெரே வணிகருமாதலின் அதனை எண்ணாதிருந்தார் என்று கூறுதற்கில்லை. ஆயினும் இலாபம் ஒன்றே கருதியவர் அடுத்து அவர் எழுதிய பெருநூலை எழுதியிரார். பாரிஸ் சாஸ்திர சங்கத்தார் 1761 முதல் கைத்தொழில்களை விவரிக்கும் நூல்வரிசை ஒன்றை வெளியிட்டு வந்தனர். அவ்வரிசையில் 1771, 1772-ம் வருஷங்களில் பெரேயின் கத்தித் தொழில் நூல், சித்திரத் தகடுகளுடன் வெளிவந்தது. இரண சிகிச்சைக் கருவிகள் செய்யும் முறையையும் அவர் அதில் விரித்தெழுதினார். அக்கருவிகளைச் செய்வது அத்தொழிலின் உச்சம். அதனை மறைத்து வைத்திருந்தால் அவருக்கே ஆதாயம். அக்காலத்துக் கலைக்களஞ்சியத்தை நடத்திய தீதரோ, லாங்கர் ஊர்க் கத்தித் தொழிலாளர் ஒருவரின் புதல்வரே. தொழிலறிவை ஏட்டில் ஏற்றும் அவா அன்று நாடெங்கும் பரவியிருந்தது.

1779-ம் வருஷம் உருக்கைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியுரை ஜினீவா நகரத்துக் கலைச் சங்கத்தின் பரிசைப் பெற்றது. 1784-ம் வருஷம் பெரே பாரிஸிற் காலமானார். அவர் காவல் செய்த தொழிற்சங்க முறை 1791-ல் சட்டத்தால் அழிக்கப்பட்டது. காப்புடைய கத்தியோ பலர் கைபட்டு மாறி, 1880-ல் நியூயார்க்கில் காம்ப் சகோதரரின் உரிமைப் பத்திரத்திலும், 1904-ல் ஜில்லெட்டின் உரிமைப் பத்திரத்திலும் புது வடிவம் கொண்டது. ஜில்லெட்டின் மெல்லிய தகடு தேய்ந்ததும் எறியப்படுவது. அதற்குக் கல்லும் வேண்டியதில்லை, வாரும் வேண்டியதில்லை.