தாய்மொழியில் கேட்ட வரலாறு

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு ஓரமாக நெடுந்தொலைவு நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அம்மலைகளின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3400 மீட்டர் உயரத்தில் பெரு நாட்டின் குஸ்கோ நகரம் அமைந்துள்ளது. அங்குச் செல்லும் பயணிகளுக்கு முதல் நாள் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். ஆயினும் நகரை ஒட்டிய குன்றின்மேல் நிற்கும் சக்சைவாமன் கோட்டையைக் காணாமல் எவரும் திரும்புவதில்லை. மூன்று அடுக்காக, வாளின் பற்களைப்போல் மடிந்து மடிந்து செல்லும் அதன் மதில்களில் நூறு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள கற்களும் உள்ளன. சாந்து பூசாமலே பொருந்தி நிற்கும் அக்கற்களின் இடுக்கில் கத்தி முனையும் நுழையாது.

இக்கோட்டையைக் கட்டியவர்கள் இன்கா மக்கள். நாம் எழுதுவதுபோன்ற எழுத்து அவர்களிடம் இல்லை. 'கீப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் கணக்குகளைப் பதிந்து வைத்தனர். முன்னோர் கதைகளை வாய்மொழியாகவே காத்துவந்தனர். அவ்வாறாயின் அவர்தம் வரலாற்றை நாம் அறிவது எங்ஙனம்? அதனைத் தாயின் மொழியில் கேட்டு, தந்தையின் மொழியில் எழுதிவைத்த ஒருவரைப் பற்றியதே இப்பாடம்.

இரு குலங்களின் மகன்

ஸ்பானியப் படையினர் 1533ஆம் ஆண்டு குஸ்கோவைக் கைப்பற்றினர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1539ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அந்நகரில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் சிம்பு ஒக்யோ இன்கா அரசகுலத்தவர். பேரரசர் உவைனா காபாக்கின் உடன்பிறந்தார் மகள். குழந்தைக்கு கோமெஸ் சுவாரெஸ் டி ஃபிகெரோவா என்று பெயரிட்டனர். அவர் முதலில் பேசிய மொழி தாயின் மொழியாகிய கெச்சுவா.

நாட்டை இழந்த தாய்வழி உறவினர்கள் அவ்வீட்டிற்கு அடிக்கடி வருவர். பழைய அரசர்களின் பெருமையைப் பேசத் தொடங்குவர். பேச்சு முடியும்போது அனைவர் கண்களிலும் நீர் நிறைந்திருக்கும். சிறுவர் அருகிலிருந்து கேட்பார். பதினாறு, பதினேழு வயதானபோது, அவர்களுள் மூத்தவரான தாய்வழிப் பெரியவர் ஒருவரிடம், நம் குலம் எங்கிருந்து தோன்றியது என்று வினவினார். கதிரவன் தன் மகனையும் மகளையும் டிட்டிகாக்கா ஏரிக்கு அனுப்பிய கதையை அப்பெரியவர் சொன்னார். கையிலிருந்த பொற்கோல் ஒரே குத்தில் எங்கு மண்ணுள் புதைகிறதோ அங்கே குடியேற வேண்டும் என்பது கதிரவனின் கட்டளை. கோல் புதைந்த இடமே குஸ்கோ.

கதை கேட்ட நேரம் போக, அவர் தோழர்களுடன் சக்சைவாமன் கோட்டையில் விளையாடினார். அங்கே நிலத்தடி வழிகள் பல பின்னிக் கிடந்தன. வெயிலின் ஒளி எட்டும் அளவே சிறுவர்கள் உள்ளே செல்வர். இருளைக் கண்டதும் அஞ்சித் திரும்புவர். அவர் கண்முன்னே அக்கோட்டை சிதைந்துகொண்டிருந்தது. ஸ்பானியர்கள் தங்கள் வீடுகளுக்காக அதன் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். பெயர்க்க முடியாத பெருங்கற்களே எஞ்சின. இன்று பயணிகள் வியந்து நோக்குபவை அவையே.

பிரிவு

தந்தை பின்னர் ஸ்பானியப் பெண்மணி ஒருவரை மணந்துகொண்டார். தாய் வேறு இல்லம் சென்றார். 1559இல் தந்தை இறந்தார். ஸ்பெயினில் கல்வி கற்க மகனுக்குப் பொருள் ஒதுக்கி வைத்திருந்தார். 1560ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞர் பயணத்திற்கு ஆயத்தமானார். புறப்படும் முன் ஓர் அதிகாரியின் இல்லத்தில், பதப்படுத்தப்பட்ட இன்கா அரசர், அரசியரின் உடல்களைக் கண்டார். அவற்றுள் உவைனா காபாக்கின் உடலும் இருந்தது. அதன் விரலைத் தொட்டுப் பார்த்தார். அது மரம்போல் இறுகியிருந்தது. பின் மலைகளைக் கடந்து லிமா நகரை அடைந்து கப்பலேறினார். அவர் தம் தாயையும் ஊரையும் மீண்டும் காணவே இல்லை.

ஸ்பெயினில் அவருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. தந்தையின் பணிக்குரிய பரிசை வேண்டி மாட்ரிட் நகரில் விண்ணப்பித்தார். 1547இல் நடந்த போர் ஒன்றில் அவர் தந்தை கலகத்தலைவனுக்குத் தம் குதிரையைக் கொடுத்து உதவினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதைக் காட்டி, அதிகாரிகள் விண்ணப்பத்தை மறுத்தனர். நூலில் இருந்த சொல்லுக்கு எதிராக மகனின் வாய்ச்சொல் எடுபடவில்லை. எழுத்தின் வலிமையை அவர் அன்று உணர்ந்தார்.

பின்னர் மோந்தில்யா என்னும் சிற்றூரில் தந்தைவழிச் சிற்றப்பாவுடன் தங்கினார். சில காலம் படையில் பணிபுரிந்தார். தந்தையின் பெயராகிய கார்சிலாசோ டி லா வேகா என்பதைத் தாமும் சூடிக்கொண்டார். அதன் முன்னே 'இன்கா' என்னும் தாய்க்குலப் பெயரைச் சேர்த்தார். இரண்டில் எதனையும் அவர் விட்டுவிட விரும்பவில்லை.

மறந்த மொழியும் மறவாத நினைவும்

ஸ்பெயினில் கெச்சுவா மொழி பேச அவருக்குத் துணை இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆறேழு சொற்களைக் கோத்து ஒரு தொடர் அமைப்பதும் அரிதாயிற்று என்று அவரே வருந்தி எழுதியுள்ளார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. குஸ்கோவில் தம்முடன் பயின்ற தோழர்களுக்கு மடல்கள் எழுதினார். அவர்கள் தத்தம் தாய்மாரிடமும் உறவினரிடமும் கேட்டுச் செய்திகளை அனுப்பினர்.

இவ்வாறு உருவான 'அரச விளக்கவுரைகள்' என்னும் நூல் 1609ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது எழுபது. அந்நூலை அவர் மொழி பற்றிய குறிப்புகளுடனேயே தொடங்குகிறார். கெச்சுவா அறியாதவர்கள் எழுதியதனால் பல செய்திகள் பிழையாயின என்று சுட்டுகிறார். எடுத்துக்காட்டாக, 'வாக்கா' என்னும் சொல்லின் இறுதி எழுத்தை மேலண்ணத்தில் ஒலித்தால் தெய்வத்தன்மை உடைய பொருளைக் குறிக்கும். தொண்டையின் உள்ளே ஒலித்தால் அழுதலைக் குறிக்கும். வலி, வளி, வழி என்னும் சொற்களைப் பயிலும் நமக்கு இது நன்கு விளங்கும் அன்றோ?

தாய்க்குலத்தின்மீது கொண்ட பற்றினால் இன்கா ஆட்சியின் குறைகளை அவர் குறைத்தே கூறினார் என ஆய்வாளர்கள் கருதுவர். எனினும் கோட்டை, கோயில், பயிர்த்தொழில், பாலம், விழா ஆகியவற்றை அந்நாட்டில் பிறந்து வளர்ந்தவரின் கண்கொண்டு அந்நூல் காட்டுகிறது.

1616ஆம் ஆண்டு அவர் கோர்தோபா நகரில் காலமானார். நூலின் இரண்டாம் பகுதி மறு ஆண்டு வெளிவந்தது. 1780இல் பெருவில் இன்கா வழித்தோன்றல் ஒருவர் தலைமையில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அது அடக்கப்பட்டபின் ஸ்பானிய அரசு இந்நூலுக்குத் தடை விதித்தது. பிறந்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு முதியவரின் நினைவுக்கு ஓர் அரசு அஞ்சியது!

1978ஆம் ஆண்டு அவருடைய எச்சங்களின் ஒரு பகுதி ஸ்பெயினிலிருந்து குஸ்கோ நகருக்குக் கொண்டுவரப்பட்டது. இருபது வயதில் மலையிறங்கிச் சென்றவர், இறந்து முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் தாய்மண் திரும்பினார்.

அருஞ்சொற்பொருள்

சாந்து – கற்களை இணைக்கும் சுண்ணாம்புக் கலவை
வினவினார் – கேட்டார்
ஆயத்தமானார் – புறப்பட அணியமானார்
மேலண்ணம் – வாயின் உட்புற மேற்பகுதி
மடல் – கடிதம்

பயிற்சி

1. சக்சைவாமன் கோட்டையின் பெருங்கற்கள் மட்டும் எஞ்சியது ஏன்?
2. மாட்ரிட் நகர நிகழ்ச்சி கார்சிலாசோவிற்கு எதனை உணர்த்தியது?
3. அவர் தம் பெயரை மாற்றிக்கொண்ட முறை எதனைக் காட்டுகிறது?
4. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ சொந்த ஊரைப் பற்றிய கதை ஒன்றைத் தமிழில் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் வழங்கிய சொற்களை மாற்றாமல் எழுதுக.