கண்ணாடித் தொட்டியில் கடலை வைத்தவர்

எங்கள் விடுதியில் அடுத்த அறை நண்பர் மீன் வளர்க்கிறார். நன்னீர் மீன்கள்தாம். ஒருநாள் இரவு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அயல்நாடுகளில் எத்தனையோ வீடுகளில் கண்ணாடித் தொட்டிகளில் உயிருள்ள பவளம் வளர்கிறதே, ஆளுக்கொரு கிளை ஒடித்துக் கொடுத்தால் கடலில் அழிந்துவரும் பவளப் பாறைகளை மீண்டும் உண்டாக்கிவிடலாம் அல்லவா என்றார். நான் விலங்கியல் முதுகலை படிப்பவன். உடனே விடை கூறியிருக்க வேண்டும். ஆனால் என் நினைவுக்கு வந்தது விடையன்று, ஒரு மனிதரின் வாழ்க்கை. கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கத்தைப் பரப்பிய பிலிப் ஹென்றி காஸ் என்பவரின் வாழ்க்கை அது.

காஸ் 1810ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஊஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். வீட்டில் வறுமை. 17ஆம் வயதில் கப்பலேறி, நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதச் சென்றார். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வேலை முடிந்தபின் நுண்ணோக்கியைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த இளைஞர், ஊரை விட்டு வடக்கே வந்திருக்கும் நமக்கு அயலாராகத் தோன்றமாட்டார். பின்னர்க் கனடாவில் உழவு செய்து தோற்றார். அலபாமாவில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1839இல் வெறுங்கையுடன் நாடு திரும்பினார். வெறுங்கை என்பது பணத்தைப் பொறுத்த வரையில்தான். பூச்சிகளைப் பற்றிய குறிப்புகளும் தம் கையால் தீட்டிய ஓவியங்களும் அவரிடம் இருந்தன. 1844இல் ஜமைக்காவுக்குச் சென்று 18 மாதங்கள் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அத்தீவைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓயாத எழுத்துப் பணியால் உடல்நலம் குன்றி, 1852இல் மனைவி எமிலியுடனும் சிறுமகன் எட்மண்டுடனும் டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. கடல் வற்றும் நேரங்களில் சுத்தியும் உளியும் கையிலெடுத்துப் பாறைக் குழிகளில் இறங்குவார். கடற்சாமந்திகளைப் பாறைத் துண்டோடு பெயர்த்து, நீர் நிறைந்த சாடிகளில் வீட்டுக்குக் கொண்டுவருவார். இல்ஃபிரகூம் என்னும் ஊரில் அவ்வாண்டு ஒரு சிறு பவளத்தைக் கண்டார். செந்நிற உடலும் பொன்னிறக் கைகளும் உடையது. அறிவியலுக்குப் புதியதான அதற்குப் பெயரிட்டவர் அவரே. பவளம் என்றால் நாம் வெப்பக் கடலின் பெரும்பாறைகளையே நினைக்கிறோம். இதுவோ குளிர்ந்த நீரில் தனித்தனியே வாழ்வது, பாறை கட்டாதது.

சாடியில் வைத்த உயிர்கள் நாற்றமெடுத்து இறந்துபோவதுதான் அதுவரை வழக்கம். கடற்பாசி வெளிச்சத்தில் உயிர்வளியை வெளியிடும். அதை அளவறிந்து உடன் வைத்தால் நீரை மாற்றாமலே உயிர்கள் வாழும் என்பதைக் காஸ் செய்து காட்டினார். வாரிங்டன் என்ற வேதியியலாரும் இதே காலத்தில் இதே வழியில் முயன்றுகொண்டிருந்தார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலை பொதுமக்களுக்காக மீன் இல்லம் ஒன்றைத் திறந்தபோது, அதன் தொட்டிகளை நிரப்பக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர் காஸ். 1854இல் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். கடலுக்கு எட்டாத ஊரினரும் தொட்டி வைக்கலாம் என்று, உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார்.

நூலில் அவரே தீட்டிய வண்ணப் படங்கள் இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்து முழுவதும் தொட்டிப் பித்துப் பிடித்துக்கொண்டது. கூடையும் உளியுமாக மக்கள் கடற்கரைகளில் குவிந்தனர். தொடப்படாமல் கிடந்த பாறைக் குழிகளெல்லாம் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தொட்டிப் பித்து விரைவில் தணிந்தது. குழிகள் பழைய நிலைக்கு மீளவில்லை. தம் நூல்களே இந்த அழிவுக்கு வழிகாட்டின என்பதைக் காஸ் தம் வாழ்நாளிலேயே உணர்ந்து வருந்தினார் என்று, எட்மண்ட் 1907இல் எழுதிய நூலால் அறிகிறோம். 1857இல் எமிலி புற்றுநோயால் இறந்தார். படைப்பையும் நிலவியலையும் இணைக்க முயன்ற அவருடைய நூலொன்று அதே ஆண்டில் வெளிவந்து எவராலும் ஏற்கப்படாமல் போயிற்று. அத்துயரங்களுக்கிடையே அவர் பிரிட்டிஷ் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெருநூலை 1860இல் முடித்தார். அந்த ஒன்றுக்காகவே நான் அவரை மதிக்கிறேன். 1888இல் இறந்தார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைத்த கடனைத் தொட்டியிலிருந்தே திருப்பிக் கொடுக்க முடியுமா?

உயிராகக் கொடுப்பது அரிது என்பதே என் கருத்து. வீட்டுத் தொட்டிப் பவளத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் வளர்ப்பவருக்கே தெரியாது. ஒரே தாய்க் கிளையை ஒடித்து ஒடித்து நூறு வீடுகளுக்குக் கொடுத்திருப்பார்கள். நூறும் ஓருயிரின் நகல்களே. ஒரு நோய் வந்தால் நூறும் சாகும். பல கடல்களின் உயிர்கள் ஒரே தொட்டியில் கலந்திருப்பதால் ஒட்டுண்ணிகளும் உடன் வரும். 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை அடுத்த கடலில் ஒரு சதுர மீட்டர் அளவே காணப்பட்ட தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் எவ்வளவு தூரம் படர்ந்தது என்பது உயிரியல் மாணவர் அறிந்ததே. என் ஊர்ப் பக்கமான தூத்துக்குடிக் கடலில், சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே பாறைகளைச் சிதைத்தார்கள். 2001இல் கடினப் பவளங்களுக்குச் சட்டக் காப்பு வந்தது. 2002 முதல் அங்கே காங்கிரீட் சட்டங்களில் கட்டி வளர்ப்பதும் அதே கடலின் கிளைகளைத்தான்.

ஆனால் தொட்டி வைத்தவர்கள் திரட்டிய அறிவு வேறு. எந்த ஒளி, எந்த நீரோட்டம், எவ்வளவு சுண்ணம் என்று வீட்டில் முயன்று கண்டவர்கள் பலர். இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் 2012இல் தொடங்கிய முயற்சியில், பருவத்தின் வெப்பத்தையும் நிலவொளியையும் விளக்குகளாலும் கருவிகளாலும் உண்டாக்கி, தொட்டியிலேயே பவளத்தை முட்டையிடச் செய்தார்கள். முட்டையிலிருந்து வருபவை நகல்களல்ல. புளோரிடாவில் 2014இல் பவளநோய் பரவத் தொடங்கியபின், நோய் எட்டாத பவளங்களைக் கடலிலிருந்து எடுத்து அமெரிக்காவின் பல காட்சியகங்களில் பிறப்பிடக் குறிப்போடு காத்து வருகிறார்கள். காஸ் வகுத்த கலை இல்லாமல் இது நடந்திருக்குமா?

காத்ததை எங்கே நடுவது என்பதுதான் பெருஞ்சிக்கல். 2023 கோடையில் புளோரிடாக் கடல் கொதித்தபோது, கடல் நாற்றங்கால்களில் இருந்த பவளங்களையே அவசரமாகத் தரைத் தொட்டிகளுக்கு ஏற்றினார்கள். காஸ் வாழ்ந்த ஜமைக்காவில், 1970களின் இறுதியில் பாறைப் பரப்பில் பாதியளவு இருந்த உயிர்ப்பவளம், 1993க்குள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1980இல் பெரும்புயல், 1983இல் பாசி தின்னும் கடல்முள்ளிகள் நோயால் மடிந்தன, பாசி தின்னும் மீன்களையோ மனிதர் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தனர். பாசி மூடிக்கொண்டது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காஸ் கண்டுபிடித்த அந்தச் சிவப்புப் பவளம் இப்போது இருக்கிறதா என்றார். இருக்கிறது, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், அலை மோதும் பாறை இடுக்குகளில்.