நிலத்துக்காக வாதாடிய ஜான் ரோஸ்

அமெரிக்காவின் 20 டாலர் நோட்டில் இருப்பவர் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பது எனக்குப் பள்ளி நாள்களிலேயே தெரியும். அவரை எதிர்த்து நின்ற ஜான் ரோஸைப் பற்றி வெகு காலம் கழித்துத்தான் படித்தேன்.

ரோஸ் பிறந்தது 1790இல். தந்தை ஸ்காட்லாந்து வணிகர். தாய்வழியில் செரோக்கி பூர்வகுடி. 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் செரோக்கியர் ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்டனர். அவர்களில் ரோஸும் ஒருவர்.

அப்போது ஜார்ஜியா, டென்னசி வட்டாரங்களில் செரோக்கியருக்குச் சொந்த நிலம் இருந்தது. அமெரிக்க அரசே அதை ஒப்பந்தங்களில் ஏற்றிருந்தது. 1827இல் அவர்கள் தங்களுக்கென அரசியல் சட்டம் வகுத்தனர். மறு ஆண்டு ரோஸ் முதன்மைத் தலைவரானார்.

ஆனால், ஜார்ஜியா அந்த நிலத்தைக் கேட்டது. அங்குத் தங்கமும் கிடைத்தது. பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் சட்டத்தில் 1830இல் ஜாக்சன் கையெழுத்திட்டார்.

ரோஸ் ஆயுதம் எடுக்கவில்லை, நீதிமன்றத்தை நாடினார். முதல் வழக்கு தள்ளுபடியானது. 1832இல் வேறொரு வழக்கில், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் பயனில்லை. 1835இல் ஒரு சிறு குழுவினர் 50 லட்சம் டாலருக்கும் மேற்கிலுள்ள நிலத்துக்கும் ஈடாகக் கிழக்கு நிலம் முழுவதையும் எழுதிக் கொடுத்தனர். பெரும்பாலோர் எதிர்த்தும், செனட் சபையில் அந்த ஒப்பந்தம் நிறைவேறியது.

1838இல் இராணுவம் வந்தது. சுமார் 16,000 பேர் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். ஏறக்குறைய 4,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. எஞ்சியோரின் பயணத்தை நடத்தும் பொறுப்பை ரோஸ் கேட்டுப் பெற்றார். வழியில் அவருடைய மனைவியும் இறந்தார்.

இன்றைய ஒக்லஹோமாவில் தாலகுவா புதிய தலைநகரானது, பள்ளிகள் எழுந்தன. ரோஸ் குறையற்றவர் அல்லர். அவரும் அடிமைகளை வைத்திருந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின், தம் மக்களுக்காக மீண்டும் ஒப்பந்தம் பேசச் சென்றவர், 1866இல் வாஷிங்டனிலேயே காலமானார். பின்னாளில் மேற்கு நிலமும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 1907இல் ஒக்லஹோமா மாநிலம் உருவானது.

வழக்கில் வென்றால் நியாயம் கிடைத்துவிடும் என நானும் நம்பியிருந்தேன். தீர்ப்பை மதிக்கும் அரசும் வேண்டும் என்பதை ரோஸின் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தது. இன்றும் செரோக்கி தேசத்தின் தலைநகர் தாலகுவாதான்.