கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்ட மேதை

ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடை. முகூர்த்த நாள் நெருங்குகிறது. மயில் கழுத்து நிறத்தில் ஒரே ஒரு சேலைதான் பாக்கி என்று கடையின் கம்ப்யூட்டர் காட்டுகிறது. கடையில் ஒரு பெண் வீட்டார் அதைக் கேட்கிறார்கள். அதே நொடியில் சென்னையிலிருந்து இன்னொரு பெண் வீட்டார் செல்போன் மூலம் பணம் கட்டுகிறார்கள்.

இருவருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று என்றே காட்டிவிட்டால்? இருவரிடமும் பணம் வாங்கியாகிவிடும். சேலையோ ஒன்று! ஒரு கல்யாண வீட்டில் கண்ணீர்தான்.

இந்த விபரீதம் நேராமல் காக்க ஒரு பூட்டு இருக்கிறது. இரும்புப் பூட்டு அல்ல, கணக்குப் பூட்டு. அதற்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

பதிவேட்டில் வந்த தகராறு

டைக்ஸ்ட்ரா ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1930-ல் பிறந்தார். தகப்பனார் ரசாயன நிபுணர். தாயார் கணிதத்தில் கெட்டிக்காரர். மகன் பௌதிகம் படித்தார். 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுப்பதே வேலை.

அப்போது அதை ஒரு தொழில் என்றே யாரும் மதிக்கவில்லை. 1957-ல் அவருக்குத் திருமணம். பதிவேட்டில் தொழில் என்ன என்று கேட்டார்கள். புரோகிராமர் என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்! கடைசியில் பௌதிக விஞ்ஞானி என்று எழுத வேண்டியதாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டுதான், மணக்கப்போகும் பெண்ணுடன் கடைவீதி சுற்றிக் களைத்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார். ஊருக்கு ஊர் மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கும் கணக்கை இருபதே நிமிடத்தில், காகிதம் பென்சில் இல்லாமல், மனத்திலேயே போட்டு முடித்தார்.

ரயில் கைகாட்டி

ஒரே பொருளில் பலர் கை வைக்கும் சிக்கல் அவரை விடவில்லை. இருவர் மோதாமல் இருக்க டெக்கர் என்ற கணித அறிஞர் ஏற்கெனவே வழி கண்டிருந்தார். எத்தனை பேர் வந்தாலும் செல்லும் வழியை 1965-ல் டைக்ஸ்ட்ரா ஒரே பக்கத்தில் எழுதி வெளியிட்டார்.

இன்னும் எளிய முறை ஒன்றையும் சொன்னார். அதற்கு வைத்த பெயர் செமாஃபோர், அதாவது ரயில் கைகாட்டி. கைகாட்டி இறங்கிய பிறகே ரயில் வருவதை ஆரணி ரோடு ஸ்டேஷனில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான் இங்கும். முதலில் வருபவர் பூட்டுகிறார். சேலை எண்ணிக்கையைப் பார்க்கிறார், குறைக்கிறார், பிறகு திறக்கிறார். அதுவரை மற்றவர் வெளியே காத்திருக்கிறார். உள்ளே வந்ததும் அவர் காண்பது பூஜ்யம். ஏமாற்றம்தான், ஆனால் பணம் போகவில்லை.

பூட்டிலும் ஆபத்து!

சேலைக் கணக்கைப் பூட்டிய குமாஸ்தா பணக் கணக்குக்குக் காத்திருக்கிறார். பணக் கணக்கைப் பூட்டிய குமாஸ்தா சேலைக் கணக்குக்குக் காத்திருக்கிறார். இருவரும் விட மாட்டார்கள். கடை அப்படியே நின்றுவிடும்! இப்படிப்பட்ட ஒரு புதிரை டைக்ஸ்ட்ரா மாணவர்களுக்குப் பரீட்சையில் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் ஐந்து தத்துவ ஞானிகள் கரண்டிக்காகக் காத்திருக்கும் கதையாக அது பின்னாளில் உலகெங்கும் பரவியது. அதற்கு அவர் காட்டிய வழி: பொருள்களுக்கு எண் கொடு. யாராக இருந்தாலும் சிறிய எண்ணை முதலில் எடுக்கட்டும். எல்லாக் குமாஸ்தாக்களும் சேலைக் கணக்கை முதலில் பூட்டினால் இந்தச் சண்டையே வராது.

1972-ல் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 1984-ல் அமெரிக்கா சென்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வெகுகாலம் சொந்தமாகக் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளவில்லை. மை ஊற்றும் பேனாவால், அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதுவார். பிரதி எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. 2002 ஆகஸ்டில் புற்றுநோயால் அவர் காலமானபோது அந்த எண் 1,300-ஐத் தாண்டியிருந்தது.