எமெரிக் ஹுட்டென்-சாப்ஸ்கி

எமெரிக் ஹுட்டென்-சாப்ஸ்கி (நவம்பர் 17, 1828 - ஜூலை 23, 1896) போலந்து நாட்டின் புகழ்பெற்ற நாணயவியலாளரும் சேகரிப்பாளரும் ஆவார். போலந்து தனி நாடாக இல்லாத காலத்தில் அந்நாட்டின் நாணயங்கள், பதக்கங்கள், விருதுச் சின்னங்கள் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றை முறையாக வகைப்படுத்தி விவரப்பட்டியல் வெளியிட்டார். இவரது சேகரிப்பு இன்று கிராக்கோவ் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

வரலாற்றுப் பின்னணி

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் உருசியா, புருசியா, ஆஸ்திரியா ஆகிய பேரரசுகள் போலந்து-லித்துவேனியப் பொதுநலவாயத்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. 1765 இல் வார்சாவில் தொடங்கப்பட்ட படைக்கல்விப் பள்ளி 1794 இல் மூடப்பட்டது. 1792 இல் நிறுவப்பட்ட விர்ட்டூட்டி மிலிட்டாரி என்னும் படைவீர விருது, 1830-31 எழுச்சிக்குப் பின்னர், சிறிது மாற்றிய வடிவில், அவ்வெழுச்சியை ஒடுக்கிய உருசியப் படையினருக்கே வழங்கப்பட்டது. இச்சூழலில் பழைய நாணயங்களும் பதக்கங்களும் மறைந்துபோன அரசின் சான்றுகளாகக் கருதப்பட்டன.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் இன்றைய பெலருசின் தலைநகரான மின்ஸ்க் அருகே உள்ள ஸ்டாங்குவ் என்னும் ஊரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபின் உருசியப் பேரரசின் நிர்வாகத்தில் இணைந்தார். சென் பீட்டர்ஸ்பேர்க்கின் துணை ஆளுநர் உட்படப் பல உயர் பதவிகளை வகித்தார். 1854 இல் எலிசபெத் மெயென்டார்ஃப் என்பவரை மணந்தார். 1870களின் இறுதியில் பதவி விலகி ஸ்டாங்குவ் திரும்பி, சேகரிப்புப் பணியில் முழுமையாக ஈடுபட்டார்.

விவரப்பட்டியல்

போலந்துப் பதக்கங்களையும் நாணயங்களையும் பற்றிய இவரது விவரப்பட்டியல் பிரெஞ்சு மொழியில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி 1871 இல் வெளியானது. கடைசித் தொகுதி இவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1916 இல் வெளியானது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்ததோடு, அது எவ்வளவு அரிதானது என்பதையும் படிநிலைகளால் குறித்தார். போலந்து நாணயச் சேகரிப்பாளர்கள் இவ்வெண்களையும் படிநிலைகளையும் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

கிராக்கோவ் அருங்காட்சியகம்

உருசிய ஆட்சிப் பகுதியில் போலந்து நினைவுப் பொருட்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது கடினமாக இருந்தது. ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கிராக்கோவில் போலந்துப் பண்பாட்டு நிறுவனங்கள் ஓரளவு சுதந்திரத்துடன் இயங்கின. எனவே 1894 இல் இவர் சேகரிப்புடன் அங்கு குடியேறினார். தமது மாளிகையை ஒட்டிச் சேகரிப்புக்கெனத் தனிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். கப்பல் மூழ்கியபோது மீட்கப்பட்டவை எனத் தாயகத்தின் நினைவுச் சின்னங்களைச் சுட்டும் இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டது. ஆனால் அருங்காட்சியகம் முழுமை பெறுமுன்னரே 1896 இல் இவர் காலமானார்.

1903 இல் இவரது மனைவியும் மகன்களும் மாளிகை, கட்டடம், சேகரிப்பு ஆகியவற்றைக் கிராக்கோவ் நகருக்கு நன்கொடையாக வழங்கினர். புதுப்பிக்கப்பட்ட அருங்காட்சியகம் 2013 இல் இவரது பெயரில் திறக்கப்பட்டது.

குடும்பம்

மூத்த மகன் கரோல் 1890 முதல் 1901 வரை மின்ஸ்க் நகரத் தலைவராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படை அதிகாரிகள் கொல்லப்பட்ட கத்தின் படுகொலையிலிருந்து தப்பிய சிலருள் ஒருவரான ஓவியர் யோசெப் சாப்ஸ்கி இவரது பேரன் என்பது குறிப்பிடத்தக்கது.