துணி மூட்டையுடன் வந்த தலைவர்

தஞ்சை மண்ணில் பிறந்து மலையக மக்களுக்காக உழைத்தவர் கோ. நடேசய்யர். அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. எனவே அவர் துணி வியாபாரியாக வேடமிட்டு, துணி மூட்டையுடன் லயங்களுக்குச் சென்றார். கடனிலும் கங்காணிகளின் பிடியிலும் மக்கள் படும் துன்பத்தை நேரில் கண்டார்.

கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்கும் சென்றார்.

இவற்றிலும் பெரிய பணி ஒன்று உண்டு. தொழிலாளர்கள் தம் உரிமைகளைத் தாமே அறியவேண்டும் என்று அவர் எளிய தமிழில் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடினார். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது.

1947இல் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அநீதி சட்டமாகவே வரும்போது, அதை அறிந்து கேள்வி கேட்பவர்கள் ஊருக்கு ஊர் வேண்டும். ஒரு தலைவர் போதாது.

தோழியரே, மாணவத் தலைவிச் சின்னத்தை அணிவதோடு தலைமை முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவளும் தன் உரிமையைக் கேட்கத் துணிவு பெறச் செய்வதே தலைமை. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.