சீறாப்புராணம் தந்த செந்நாப்புலவர்

தமிழுக்கு இசுலாமியர் ஆற்றிய தொண்டினை எண்ணுந்தோறும் முதற்கண் நினைவில் எழுபவர் உமறுப் புலவர் ஆவார். பிறர் நாட்டு வரலாறு ஒன்றைத் தம் நாட்டு உவமைகளால் உரிமையாக்கித் தந்த அப்பெருந்தகையின் வாழ்வு, மாணவர் அனைவரும் அறிதற்குரியது.

இவர் 1642ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். தந்தையார் சேகு முதலியார் நறுமணப் பொருள் வணிகர். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் உமறு தமிழ் பயின்றார். வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவரை இளம்பருவத்திலேயே வாதில் வென்றார் என்றும், பின்னர் அவ்வரண்மனைக்கே புலவரானார் என்றும் கூறுவர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்குமாறு கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை வேண்டினார். உரிய செய்திகளைப் பெற மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவை உமறு நாடினார். தமிழ்ப் புலவர் கோலத்தில் வந்தவரைக் கண்டு அப்பெரியார் முதலில் தயங்கினார் என்பது செவிவழிச் செய்தி. அத்தயக்கத்தின் பின்னே ஆழ்ந்த வினா ஒன்று உண்டு. உவமைக்கும் புனைவுக்கும் பேர்போன தமிழ்க் காப்பிய மரபில், மார்க்கத்தின் தூய்மை பிறழாது இவ்வரலாற்றைப் பாட இயலுமா?

பண்டைக் கிரேக்கத்தின் துன்பியல் நாடகப் புலவர்க்கு இத்தகைய இடர் இல்லை. அவர்தம் தொன்மக் கதைகளை அவையோர் முன்னரே அறிவர். ஈஸ்கிலஸ் தம் அகமெம்னான் நாடகத்தில் வலை என்னும் உருவகத்தை மீண்டும் மீண்டும் ஆள்கையில், மன்னனுக்கு நேரவிருக்கும் முடிவினை அவர்கள் உடனே உணர்ந்தனர். உமறுவின் நிலை வேறு. கதை அரபு நாட்டது, கேட்போரோ தமிழர்.

ஆகவே அவர் தமிழ் மரபையே பாலமாக்கினார். நாட்டுப் படலத்தில் மலைமீது மழை பொழிகின்றது. வெள்ளம் பல திணைகளையும் கடந்து வயலை அடைகின்றது. பாலைவன நாடு தமிழ் நிலமாகவே காட்சி தருகின்றது. தலைமுறைப் படலமோ ஆதம் நபி தொடங்கி வரும் மரபை எடுத்துரைக்கின்றது. அணி தமிழுடையது, நம்பிக்கை இசுலாத்தினுடையது. இறைவனுக்கு உருவம் கற்பியாமலே தமிழ் அழகு நிறைந்த காப்பியம் பிறந்தது. மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படிப்போர், கன்றை நினைந்து வருந்தும் தாய் மானின் துயரில் சமய வேறுபாடு மறப்பர்.

சீதக்காதிக்குப்பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 பாடல்கள் அமைந்தன. நபிகளாரின் வரலாறு முற்றுப்பெறுமுன்னரே நூல் நின்றது. 1703இல் புலவர் மறைந்தார் என்பர். எஞ்சிய பகுதியைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஏட்டிலிருந்த சீறாவை 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அச்சேற்றினார்.

ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப் பகுதியில் வாழும் மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் இல்லத்தில் உருதும் தெலுங்கும் கன்னடமும் பேசிக் கல்லூரியில் தமிழ் பயில்கின்றீர்கள். ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு உமறுவின் வாழ்வே சான்று. சீறாவைத் தேர்வுக்காக மட்டுமன்றி, உங்கள் உடைமையாகவும் கருதிப் பயில்வீராக!